முழுத் தள்ளுபடி கேட்ட கதை

1

இந்தக் கதையை எழுதச் சொன்னது கதையில் வருகிற பெண்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நானாகத் தேடிப் போய்ப் பிடித்த கதை இல்லை. என் முதுகில் ஏற்றி வைக்கப்பட்ட மூட்டை.

ஒரு மத்தியானம் புதுச்சேரியில் சாரம் என்கிற பகுதியில், அந்தப் பெண் இனியாவின் வீட்டு வாசலில் பழக்கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். இனியா சொம்போடு ஒரு பழைய செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் கத்தி வெட்டுப் பட்ட மறுநாள் வந்த தாள். அவளைப் பற்றிய செய்தியின் தலையில் கொட்டை எழுத்தில் ‘பரிதாபம்’ என்று போட்டிருந்தது.

“பாருங்க மாமா. கத்திய புடிச்சவ நானு. புடிச்சித் திருப்புனவ நானு. இவன் என்னாடான்னா பஸ்ல அடிபட்ட ஆட்டுக்குட்டி மாரி எழுதி வெச்சிருக்கான். நீங்கதான் கத எழுதுறீங்கல்ல? என் கதய எழுதுங்க. ஆனா ஒண்ணு. ‘பாவம்’னு ஒரு வார்த்த எங்கனா வந்துச்சி, கிழிச்சிப் போட்டுடுவேன்.”

மேலே அந்தச் சொல் வந்திருப்பது அவள் வாயால். அதற்கு அவளே பொறுப்பு. இனி என் கையால் அது வராது.

(நான் யார் என்று கேட்பீர்கள். மில்லில் பஞ்சு பேல் தூக்கினேன். மில் படுத்த பிறகு மார்க்கெட்டில் பழக்கூடை தூக்குகிறேன். நாற்பதைத் தாண்டி, அறிவொளி வகுப்பில் எழுத்துக் கற்றேன். என்னைப் பற்றி இவ்வளவு போதும்.)

2

முதல் ஆரம்பம் இப்படி இருந்தது:

“தவளக்குப்பம் பேருந்து நிறுத்தத்தில் அந்தி மயங்கிக்கொண்டிருந்தது. வானம் இரத்தச் சிவப்பாக…”

அடித்துவிட்டேன். அது உச்சி வெயில். வானம் வெள்ளையாக இருந்தது. கத்தி வரப்போகிறது என்று வானத்துக்கு முன்கூட்டியே யாரும் சொல்லவில்லை.

இரண்டாவது ஆரம்பம்:

“புதுச்சேரியில் ஓர் ஏழை மில் தொழிலாளி இருந்தான். அவனுக்கு ஒரே மகள்…”

இதை இனியாவின் அப்பா இராமதாஸிடம் படித்துக் காட்டினேன். அவனும் நானும் ஒரே மில், ஒரே சங்கம். கேட்டதும் வாயிலிருந்து பீடியை எடுத்துத் தள்ளி வைத்தான்.

“ஏழன்னு யார்றா சொன்னது? நான் பர்மனென்ட்டு. லே-ஆஃப்ல இருக்கேன். அவ்ளோதான்.”

மில் மூடி எத்தனையோ வருஷமாகிறது. நாங்கள் வேலை செய்த ஷெட்டுக்குள் இப்போது வேலிக்கருவை முளைத்திருக்கிறது. இராமதாஸ் ஒரு துணிக்கடை குடோனில் வாட்ச்மேனாக இருக்கிறான். ஆனாலும் லே-ஆஃப்தான். அவன் சொல்வதுதான் சரி. வேலை போனதா, வேலை நிற்கிறதா என்பதில் ஓர் ஆளின் முதுகெலும்பு இருக்கிறது. ஆகவே மூன்றாவது ஆரம்பம்:

லே-ஆஃபில் இருக்கும் நிரந்தரத் தொழிலாளி இராமதாஸ், குடோன் வாசலில் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்த நேரத்தில், ஓர் ஆட்டோ வந்து நின்றது.

இது நிற்கும் போலிருக்கிறது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

3

ஆட்டோக்காரன் சொன்னதை இராமதாஸ் பாதிதான் காதில் வாங்கினான். “உங்க பொண்ணு… தவளக்குப்பம்… பெரியாஸ்பத்திரி…” தூக்கை மூடாமலே ஏறி உட்கார்ந்தான். வழியெல்லாம் ரசம் தளும்பிப் பேன்ட் நனைந்தது. அது அவனுக்கு ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரிந்தது.

நடந்தது இது. இனியா நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். காலையில் கிராமத்துக்குப் போய்க் குழந்தைகளுக்கு எடை பார்த்துவிட்டு, கூடப் படிக்கும் சபினோடு பஸ்ஸுக்கு நின்றாள். சபினின் அப்பா மொரீஸ் பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்து பென்சன் வாங்குபவர். குடும்பத்துக்கே பிரெஞ்சு நேஷனாலிட்டி. நம் ஊரில் நேஷனாலிட்டி உள்ள பெண் என்றால் சில பேருக்குக் கண்ணில் பெண் தெரியாது; பாரிஸுக்குப் போகிற ஏரோப்ளேன்தான் தெரியும். அப்படி ஒருவன் சபினைக் கட்டிக்கொடு என்று வீட்டுக்கு நடையாய் நடந்தான். முடியாது என்றார்கள். அன்றைக்குக் கத்தியோடு வந்தான்.

அவனுக்கு நான் பெயர் வைக்கப் போவதில்லை. ஒரு வரைவில் அவனுக்குக் கெட்டுப்போன குழந்தைப் பருவம் எல்லாம் எழுதிப் பார்த்தேன். பிறகு, இருக்கிற காகிதத்தை அவனுக்கு ஏன் செலவழிக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் வீச்சு சபினின் தோளில் கீறியது. இரண்டாவது வீச்சு அவள் கழுத்துக்கு வந்தது. இனியா வலது கையால் அந்தக் கத்தியைப் பிடித்தாள். பிடியை இல்லை, அலகை. பிடித்தவள் அதைத் திருப்பினாள், விடவில்லை. பக்கத்தில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்த சின்னப்பாப்பா தராசுத் தட்டைக் கழற்றி அவன் மண்டையில் போட்டாள். அதற்குள் ஜனம் சேர்ந்துவிட்டது.

(சின்னப்பாப்பாவிடம் இதை எழுதப் போகிறேன் என்றேன். “என் பேரயும் போடு. தட்டு நெளிஞ்சிப் போச்சின்னும் போடு. போலீசு அந்தத் தட்டக் கேசுக்குன்னு எடுத்துக்கினு போயி இன்னும் குடுக்கல, அதயும் போடு” என்றாள். போட்டுவிட்டேன்.)

உள்ளங்கையில் நரம்பும் தசைநாரும் அறுந்திருந்தன. டாக்டர்கள் அன்றைக்கே தைத்தார்கள். கட்டில் பக்கத்தில் நின்ற இராமதாஸிடம் மயக்கம் தெளிந்த இனியா முதலில் கேட்டது: “ப்பா, சபின் கழுத்துல படலியே?”

இந்த இடத்தில் “பெற்ற வயிறு பதறியது, தந்தையின் கண்களில் கண்ணீர்” என்றெல்லாம் எழுதலாம். இனியாவின் அம்மா வசந்தா பதறியது உண்மைதான். ஆனால் இராமதாஸ் அழவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்ததும் அவன் சொன்ன முதல் வார்த்தை, “புடிச்சிட்டாடா.” மில்லில் ஓடுகிற பெல்ட்டை எங்கள் ஆள் ஒருவன் நிறுத்தி இன்னொருவனைக் காப்பாற்றியபோது எப்படிச் சொன்னோமோ, அதே குரல்.

4

தையல் பிரித்த பிறகு விரல்கள் மடங்கவில்லை. பயிற்சி கொடுக்கிறவர் ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொன்னார். இனியாவுக்கு அது போதவில்லை. ஊசி போடுகிற கை ஊசியைத்தான் பிடிக்க வேண்டும் என்றாள். நர்சிங்கில் முதன்முதலில் ஊசி போடக் கற்பது பழத்தில்தானாம். தோல், அதன் கீழே சதை என்று கிட்டத்தட்ட நம் உடம்பு மாதிரி.

அங்கேதான் நான் கதைக்குள் வருகிறேன். மார்க்கெட்டில் லாரி இறக்கும்போது நசுங்கிய சாத்துக்குடியை வியாபாரி ஒதுக்கிவிடுவார். அதைக் கூடையில் போட்டுக்கொண்டு போய்க் கொடுப்பேன். அவள் தண்ணீர் நிரப்பிய சிரிஞ்சை இடது கையால் வலது கைக்குள் செருகி, கட்டை விரலால் தள்ளப் பார்ப்பாள். முதலில் சிரிஞ்சு கீழே விழும். பிறகு விழாது, ஆனால் தள்ளாது. பிறகு ஒரு நாள் ஒரு சொட்டுத் தள்ளியது.

வசந்தா அந்தப் பழங்களைப் பிழிந்து எல்லோருக்கும் கொடுப்பாள்.

“குடிங்கண்ணே. ஊசி போட்ட சாத்துக்குடி. சாத்துக்குடிக்குக் காய்ச்சல் வராது, உங்களுக்கும் வராது.”

எத்தனை ஓட்டைக்குப் பிறகு விரல் மடங்கியது என்று நான் எண்ணவில்லை. அந்த வீட்டுக்குள் நுழைந்தாலே சாத்துக்குடித் தோல் வாசனை அடித்த காலம் அது.

5

சபின் பிரான்ஸுக்குப் புறப்படும் முன்பு மொரீஸ் அவளை இனியா வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வந்தார். இரண்டு பெண்களும் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். மொரீஸ் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில், பரேடுக்கு நிற்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பிரெஞ்சுப் பழக்கத்தில் ‘ஐயா’வுக்கு ‘முசியே’ என்பார்.

“முசியே இராமதாஸ், ஒரு வார்த்த. உங்க பொண்ணு படிக்க பேங்குல கடன் வாங்கியிருக்கீங்க. அத நான் அடைச்சிடறேன். என் பொண்ணு இருக்கறது அவளாலதான்.”

“பெரிய மனசுங்க முசியே. ஆனா வேணாங்க.”

“ஏன்?”

“வாங்கிக்கினா அது கூலியா ஆயிடும். எம் பொண்ணு கூலிக்கா கத்திய புடிச்சா?”

மொரீஸ் தலையை ஆட்டினார். பிறகு சொன்னார்: “பிரான்ஸ்ல இந்த மாரி அடிபட்டவங்களுக்கு அரசாங்கமே பாத்துக்குது. அதுக்குன்னு நிதி வெச்சிருக்காங்க. சபினுக்காக எழுதிப் போட்டிருக்கேன். தோள்ல ஒரு கீறலுக்கு. அதே கத்தியில உங்க பொண்ணுக்கு…”

அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. அது அப்படியே தொங்கட்டும்.

இராமதாஸ்தான் பேசினான். “அப்ப இங்க பேங்குலயும் கேப்போம்” என்றான்.

6

கேட்பது என்றால் எங்களுக்கு ஒரு முறை உண்டு.

மில்லில் தனியாளாகப் போய் யாரும் எதையும் கேட்டதில்லை, சங்கமாகத்தான் போவோம். போய் நிற்கிறவர் உட்காரச் சொன்னாலும் முதலில் உட்கார மாட்டார். முக்கியமானது, கேட்கும் அளவு. போனஸ் பத்து சதவீதம் வேண்டுமென்றால் இருபது கேட்போம். நிர்வாகம் ‘முடியாது’ என்று மேஜையைத் தட்டும். நாங்கள் வெளியே வந்து கோஷம் போடுவோம். மறுபடி கூப்பிடுவார்கள். கடைசியில் பத்தில் கையெழுத்தாகும். இரண்டு பக்கத்துக்கும் கௌரவம். முதல் பேச்சிலேயே பத்து கேட்டவன் ஐந்தோடு திரும்புவான். இதை எங்களுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. ரத்தத்தில் ஊறியது.

இராமதாஸுக்கு உண்மையில் வேண்டியிருந்தது இரண்டே வருஷம். இனியா பரீட்சை எழுதித் தேறிவிட்டாள், ஆனால் கை தயாராகவில்லை. தவணையோ தொடங்கப் போகிறது. கை ஓரளவுக்கு வரும்வரை தவணையை நிறுத்தி வைத்து, அதுவரை வட்டி ஏறாமல் இருந்தால் போதும். பிறகு அவள் சம்பளத்தில் அவளே கட்டிவிடுவாள்.

எங்கள் பழைய சங்கச் செயலாளர் பலராமன் அண்ணன் அதைக் கேட்டுவிட்டு, “ரெண்டு வருசம் வேணும்னா ரெண்டு வருசமா கேப்பே? மில்லுல என்னாத்த கத்துக்கினே?” என்றார்.

ஆகவே மூவரும் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வங்கிக்குப் போனோம். மேனேஜர் நெடுமாறன். முப்பது வயதுதான் இருக்கும்.

(இந்த நெடுமாறனை முதல் வரைவில் கெட்டவராக எழுதினேன். “அவர் ஏளனமாக உதட்டைச் சுழித்து…” என்று ஆரம்பித்து, அதற்கு மேல் ஓடவில்லை. அவர் உதட்டைச் சுழிக்கவில்லை. நாங்கள் போனதும் எழுந்து நின்றார். கதைக்கு ஒரு வில்லன் வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதற்காக எழுந்து நின்ற மனிதரை நான் எப்படி உட்கார வைப்பது?)

“உக்காருங்கய்யா.”

“இருக்கட்டும் சார்.” பலராமன் அண்ணன் தொண்டையைச் செருமினார். “தோழர் இராமதாஸ் பொண்ணு ஒரு உயிரக் காப்பாத்தப் போயிக் கைய குடுத்திருக்குது. வன்முறையில அடிபட்டவங்க கிட்ட வந்து தவண கட்டுன்றது நியாயமில்ல. எங்க கோரிக்க ஒண்ணே ஒண்ணு. முழுத் தள்ளுபடி.”

சொல்லிவிட்டு, மேஜை தட்டப்படுவதற்காகக் காத்திருந்தார். 

நெடுமாறன் ஒரு காகிதத்தை எடுத்து எழுதினார். “முழுத் தள்ளுபடி. சரிங்க. மேல அனுப்பறேன்.”

பலராமன் அண்ணனுக்குத் தடுமாறிவிட்டது. “சார்… நீங்க முடியாதுன்னு சொல்லலியே?”

“நான் ஏங்க சொல்லணும்? நீங்க கேட்டது நியாயமாத்தானே இருக்கு.”

வெளியே வந்து டீ குடித்தோம். பலராமன் அண்ணன் பாதி டீயோடு கிளாஸைக் கீழே வைத்தார். “இருவது வருசம் பேச்சுவார்த்த பேசியிருக்கேன். மொதல் வார்த்தைக்கே ஒத்துக்கிற நிர்வாகத்த நான் பாத்ததில்ல. எங்கியோ இடிக்குதுடா” என்றார்.

7

மேலிடத்திலிருந்து பதில் வந்தபோது இராமதாஸ் சாரத்தில் தெரு முழுக்க ஜாங்கிரி கொடுத்தான். முழுத் தள்ளுபடிக்கு வழி உண்டு என்று வந்திருந்தது. கேட்டதைக் கேட்டபடியே கொடுத்த முதல் நிர்வாகம். “வரலாறுடா இது” என்று எனக்கு இரண்டு ஜாங்கிரி வைத்தான். கதை இங்கே முடிந்திருந்தால் எனக்கும் கைவலி மிச்சம்.

மறுநாள் நெடுமாறன் அப்பாவையும் மகளையும் எதிரே உட்காரவைத்துப் பொறுமையாக விளக்கினார். முழுத் தள்ளுபடி வேண்டுமென்றால், படித்த படிப்புக்குரிய வேலையை இந்தக் கையால் இனி ஒருநாளும் செய்ய முடியாது என்று மருத்துவக் குழு சான்று தர வேண்டும்.

“அந்தச் சான்று குடுத்துட்டா?” இனியா கேட்டாள்.

“கடன் இல்ல.”

“வேல?”

நெடுமாறன் பேனாவை மூடினார். “நர்ஸ் வேலைக்கு எங்க போனாலும் அது கூடவே வரும்மா. அரசாங்கக் குழு ‘முடியாது’ன்னு எழுதுன கையில ஊசிய யாரு குடுப்பாங்க?”

இராமதாஸ் குறுக்கிட்டான். “சார், நாங்க நெஜமா நெனச்சது ரெண்டு வருசம் டைமுதான்.”

“அப்ப அதயே கேட்டிருக்கலாமே! அதுக்கு நானே ஒரு வழி பாத்திருப்பேன். இப்ப இது மேல போயிடுச்சி. குழு முடிவு வந்தப்பறம்தான் வேற பேச்சு.”

அவன் முகம் போன போக்கை எழுத வேண்டாம் என்று இராமதாஸே கேட்டுக்கொண்டான்.

8

கேட்பதைப் பற்றி இரண்டு வார்த்தை. அவசரக்காரர்கள் அடுத்த எண்ணுக்குப் போய்விடலாம்.

நாங்கள் மோதிப் பழகிய நிர்வாகத்துக்கு முகம் இருந்தது. அது கத்தும், சிரிக்கும், இறங்கி வரும். அதோடு பேரம் பேசலாம். ஒரு விதிக்கு முகம் இல்லை. நீ என்ன சொன்னாயோ அதை அப்படியே எடுத்துக்கொண்டு, அதற்கு என்ன விலையோ அதைக் கேட்கும். முழுசாக விடுபட வேண்டுமென்றால் முழுசாக உடைந்திருக்க வேண்டும் என்றது அந்த விதி. பாதி உடைந்து, மீதியைத் தானே ஒட்டவைத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணை அது கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று அதற்கு யாரும் எழுதிக் காட்டவில்லை போலிருக்கிறது.

(ஒருவேளை இனியா என்னை எழுதச் சொன்னது இதற்காகத்தானோ என்னவோ. கேட்டால் “ரொம்ப யோசிக்காதீங்க மாமா” என்பாள்.)

9

குழுவுக்குப் போக வேண்டிய நாள் காலை. வசந்தா இட்லித் தட்டை இறக்கிக்கொண்டிருந்தாள். இராமதாஸ் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, மகள் முகத்தைப் பார்க்காமல் பேசினான்.

“பாப்பா, ஒரே ஒரு நிமிசம். டாக்டர் கைய மூடுன்னுவாரு. மூடாம இரு. நான் பொய்யா சொல்லச் சொல்றேன்? சும்மா இருன்றேன்.”

“சும்மா இருக்கறதுக்கா ப்பா இவ்ளோ சாத்துக்குடி?”

“முழுசா வந்துடுச்சா கை? சுண்டு வெரலு மடங்குதா? மோதர வெரலு மடங்குதா? நாளைக்கு வேல குடுக்கறவன் அதப் பாக்க மாட்டானா? வேலயும் இல்லாம கடனும் கழுத்துல நின்னா என்னா பண்ணுவ?”

“தெரியாது.”

“அதாம்மா சொல்றேன். கையில வந்தத விட்டுட்டு…”

வசந்தா இட்லித் துணியை உதறினாள். “இன்னா பேச்சு இது காலங்காத்தால? அந்தக் கை மூடணும்னு நான் எவ்ளோ மொளகா சுத்திப் போட்டிருப்பேன். இப்ப மூடாதன்னு சொல்றதுக்கு எனக்கு வாய் வரல. நீயும் சொல்லாதய்யா.”

இராமதாஸ் பேராசைக்காரன் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. ஜாங்கிரி கொடுத்த தெருவில் அவன் திரும்பி நடக்க வேண்டும். கடனில் அவன் கையெழுத்தும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, மகளுக்கு நல்லது வாங்கித் தரப் போன இடத்தில் தன் வாயாலேயே இப்படி ஆகிவிட்டதே என்பது அவன் நெஞ்சில் முள்ளாக நின்றது. அந்த முள்ளோடு பஸ் ஏறினான். இனியா வழியெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். வலது கை மடியில் கிடந்தது. திறந்திருந்ததா, மூடியிருந்ததா? கூடவே போன எனக்குப் பின் சீட்டிலிருந்து தெரியவில்லை.

10

இப்போது முடிவுகள்.

முடிவு அ: டாக்டர் “கையை மூடு” என்கிறார். இனியா அப்பாவைப் பார்க்கிறாள். கை திறந்தபடியே இருக்கிறது. கடன் போகிறது. அவள் வேறு ஏதோ ஒரு வேலைக்குப் போகிறாள். இந்த முடிவை எழுதும்போது நான் அவளைக் குறை சொல்லவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். கத்தியைப் பிடித்தவளுக்கு ஒரு நிமிஷம் கையைத் திறந்து வைத்திருக்க உரிமை உண்டு. அவள் நிமிர்ந்துதான் வெளியே வருவாள்.

முடிவு ஆ: டாக்டர் “கையை மூடு” என்கிறார். இனியா மூடுகிறாள். அப்பா எழுந்து வெளியே போய்விடுகிறான். மகள் தனியாக பஸ் ஏறுகிறாள். கடலோரம் போய் அலையைப் பார்த்து நிற்கி…

இல்லை. அவளுக்கு அலையைப் பார்க்க நேரமே கிடையாது.

நான் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை இராமதாஸ் எனக்கு எத்தனை முறை சொல்லியிருப்பான் என்று தெரியாது. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நீளும். மாறாமல் நிற்கிற பகுதி இது:

பெரிய டாக்டர் காகிதத்திலிருந்து தலையைத் தூக்காமல், “கைய மூடும்மா” என்றார். இனியா மூடவும் இல்லை, சும்மா இருக்கவும் இல்லை. மேஜை மேல் பிரஷர் பார்க்கிற கருவி இருந்தது.

“சார், இத எடுத்துக்கலாங்களா?”

அவர் நிமிர்வதற்குள் எடுத்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்த அப்பாவின் சட்டைக் கையை மேலே ஏற்றி, பட்டையைச் சுற்றினாள். காதில் குழாயை மாட்டிக்கொண்டாள். அந்தக் கருவிக்கு ஒரு ரப்பர்க் குமிழ் உண்டு. காற்றேற்ற அதை அமுக்கி அமுக்கி விட வேண்டும். அதை வலது கையில் எடுத்தாள். கட்டை விரலும் அடுத்த இரண்டு விரல்களும் இறுகின. சுண்டு விரலும் மோதிர விரலும் பாதிதான் மடங்கின, நடுங்கின. அவள் விடவில்லை. அமுக்கினாள், விட்டாள், அமுக்கினாள். பாதரசம் நின்று நின்று ஏறியது. அறையில் அந்தப் புஸ்புஸ் சத்தம் மட்டும்தான். இராமதாஸ் அப்போதுதான் தலை தூக்கி மகளைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேலை பார்க்கிறவர்கள் பார்க்கிற பார்வை.

காற்றை இறக்கிவிட்டுக் குழாயைக் கழற்றினாள்.

“அப்பாவுக்கு பிரஷர் ரொம்ப ஏறியிருக்கு சார். மாத்திர எழுதிக் குடுங்க.”

பெரிய டாக்டர் தானும் ஒருமுறை பார்த்தார். அவள் சொன்ன அளவே வந்தது. பிறகு இனியாவின் கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். அந்த இரண்டு விரல்களையும் மடக்கிப் பார்த்தார்.

“இன்னும் வேல இருக்கு இதுக்கு. ஆனா ‘முடியாது’ன்னு எழுத எனக்குக் கை வரலம்மா.”

அப்படியே எழுதினார்: கை தேறி வருகிறது, சிகிச்சை தொடர வேண்டும், இந்த வேலை செய்ய இயலும், காலம் வேண்டும். கூடவே இராமதாஸுக்கு மாத்திரையும்.

11

வெளியே வந்த இராமதாஸ் என்னிடம், “போச்சிடா. முழுசும் போச்சி” என்றான்.  அவன் சட்டைக் கையை இன்னும் இறக்கிவிடவில்லை. கொஞ்ச தூரம் நடந்ததும் அந்தக் கையை என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

“இன்னா அமுக்கு அமுக்குனா தெரியுமா? கையே மரத்துப் போச்சிடா. தொட்டுப் பாரு.”

பஸ்ஸில் கண்டக்டரிடம் நீட்டினான். “எம் பொண்ணு பிரஷர் பாத்தா.” கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்து அந்தக் கையிலேயே வைத்தார். சாரத்தில் இறங்கி, எந்தத் தெருவில் ஜாங்கிரி கொடுத்தானோ அதே தெருவில் வீடு வீடாக நின்று கையைக் காட்டிக்கொண்டு போனான். “ப்பா, கைய எறக்குங்க, மானம் போவுது” என்று பின்னால் வந்தாள் இனியா. அவன் இறக்கவில்லை.

மறுபடியும் வங்கிக்குப் போனோம். பலராமன் அண்ணன் வாசலிலேயே, “இப்பவாவது அஞ்சு வருசம் கேளு. ரெண்டுல வந்து நிக்கும்” என்றார்.

“வேணாண்ணே,” என்றான் இராமதாஸ். “எவ்ளோ வேணுமோ அவ்ளோ கேப்போம். அவளே கேக்கட்டும்.”

மில் காலத்திலிருந்து இப்படி ஒரு பேச்சை அவன் வாயிலிருந்து கேட்டதே இல்லை. பலராமன் அண்ணன் கொஞ்சம் முறைத்தார். பிறகு வழிவிட்டு நின்றார்.

இனியா கேட்டாள். “ரெண்டு வருசம் தவணைய நிறுத்தி வைங்க சார். அந்த ரெண்டு வருசத்துக்கு வட்டி ஏறக் கூடாது. அதுக்கப்பறம் நான் கட்டிடுவேன். இன்னொண்ணு. இது எனக்கு மட்டும்னு எழுதாதீங்க. படிக்கும்போது வெட்டுப்பட்டு, குத்துப்பட்டு, ஆசிட் பட்டு எத்தினியோ பேரு இருக்காங்க. அவங்க ஒவ்வொருத்தரும் ‘நான் ஒண்ணுக்கும் ஆவ மாட்டேன்’னு சொன்னாத்தான் விடுவீங்களா? தேறி வர்றவங்களுக்கும் ஒரு வழி வைங்க.”

நெடுமாறன் எழுதிக்கொண்டே வந்தவர், அவள் முடித்ததும் ஒரு கணம் பேனாவைத் தூக்கிப் பிடித்தார். “கடைசில சொன்னத இன்னொரு தடவ சொல்லும்மா. அப்படியே எழுதறேன்” என்றார்.

12

அந்தக் காகிதம் மேலே போனது. பதில் என்ன?

சொல்ல மாட்டேன்.

கொடுத்துவிட்டார்கள் என்று எழுதினால், நல்ல மனுஷங்க என்று ஒரு பெருமூச்சு விட்டுப் புத்தகத்தை மூடிவிடுவீர்கள். கொடுக்கவில்லை என்று எழுதினால், அவள் வேண்டாம் என்று விலக்கிய அந்தச் சொல்லை நீங்கள் சொல்லிவிடுவீர்கள். என் வாயைக் கட்டிவிட்டு உங்கள் வாயைத் திறந்துவிட்டால் அவள் என்னைச் சும்மா விடமாட்டாள். எழுதியது அத்தனையும் கிழிந்துவிடும்.

இதைப் படிக்கிறவர்களில் ஒருவராவது அப்படி ஒரு காகிதம் வந்து சேர்கிற மேஜையில் இருப்பீர்கள். இல்லாவிட்டால் அங்கே இருப்பவருக்கு அண்ணனோ மச்சானோ கூடப் படித்தவரோ. ஆகவே நாற்காலியை உங்கள் பக்கம் நகர்த்துகிறேன். நல்ல நாற்காலிதான், உட்காருங்கள். காகிதம் உங்கள் முன்னால் இருக்கிறது. அந்தப் பெண் எதிரே நிற்கிறாள். உட்காரச் சொன்னாலும் முதலில் உட்கார மாட்டாள், சங்கத்துக்காரன் மகள்.

பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதுவதற்கு முன்னால் இடது சட்டைக் கையைக் கொஞ்சம் மேலே மடித்துவிடுங்கள். எதற்கும் அவள் உங்கள் பிரஷரை ஒருமுறை பார்த்துவிடட்டும்.